நாட்டு மருந்து இல்லை

பயப்படுவது ஒரு உத்தியோகம் என்றால் செம்மண்டலம் சபாபதி அதில் எப்போதோ மேனேஜர் ஆகியிருப்பார். ஐம்பத்தைந்து வயது மனிதர், லிஃப்டில் ஏற மாட்டார். வானம் லேசாக இருட்டினால் போதும், வீட்டில் இருக்கிற பிளக்கை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு நடு ஹாலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கடலூரிலேயே குடியிருந்துகொண்டு, சுனாமிக்குப் பிறகு ஒரு தடவைகூடக் கடற்கரைப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆள் அவர் ஒருவராகத்தான் இருக்கும். தெருவில் அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்ளவும் பயம்.

பெண்ணாடத்துக்குப் பக்கத்தில் கரும்பு போட்ட குடும்பம். ஐ.டி.ஐ. முடித்து, இருபத்து மூன்றாவது வயதில் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காகச் சேர்ந்தார். பைப்புகளில் மாட்டியிருக்கும் மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்கிற வேலை. முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் கையில் ஒரு கொப்புளம் வந்ததில்லை. அங்கே ஒவ்வொரு டிரம்மிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது என்ன, தோலில் பட்டால் என்ன ஆகும், எதோடு சேர்க்கக் கூடாது, யார் கிட்டே போகக் கூடாது என்று பொடி எழுத்தில் இங்கிலீஷில் போட்டிருப்பார்கள். மற்றவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். சபாபதி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். நேற்றுப் படித்த தாளாக இருந்தாலும் இன்றைக்கும் படிப்பார். புதிதாகச் சேருகிற பையன்களை மேனேஜரே அவரிடம் அனுப்பி, "சார் எப்படி வேல செய்யறார்னு பாத்துக்கங்கடா" என்பார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இவ்வளவு படிக்கிற மனிதர் ஒரே ஒரு பாட்டிலை மட்டும் படிக்கவில்லை. ஒரு சாண் உயரம்கூட இல்லாத பாட்டில் அது.

இந்த வருஷம் கம்பெனியில் நடந்த மெடிக்கல் செக்கப்பில் சபாபதிக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, கொலஸ்ட்ராலும் கொஞ்சம் ஜாஸ்தி என்று ரிப்போர்ட் வந்தது. வந்திருந்த டாக்டர் சிரித்துக்கொண்டே, "ஊர்ல பாதிப் பேருக்கு இது இருக்குது சார். தினம் நாப்பது நிமிஷம் நடங்க, சோத்தையும் எண்ணெயையும் கொறைங்க, போதும்" என்றார். பாதிப் பேருக்கு இருக்கிறது என்றால் நம்ம ஆளுக்கு ஆறுதல் வருமா? ஊரில் பாதிப் பேர் சாகப் போகிறார்கள், அதில் நாமும் ஒருத்தர் என்றுதான் அவருக்குக் கேட்டது.

ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் ஸ்ரீதர் ஓய்வு நேரத்தில் சத்து மாத்திரை, பவுடர் எல்லாம் விற்பவர். அவர் காதுக்கு விஷயம் எட்டியது. அன்று சாயங்காலமே ஒரு பச்சை லேபிள் ஒட்டிய பாட்டிலோடு வந்து நின்றார். லேபிளில் ஒரு படம். தாமரை மொட்டுக்கு முள் முளைத்த மாதிரி ஏதோ ஒன்று.

"ஆர்ட்டிசோக் சார். இத்தாலியில இத சமைச்சே சாப்புடுவாங்க. அதோட இலையிலேர்ந்து எடுத்த சத்து. கொலஸ்ட்ரால எறக்கும், லிவர கழுவி வுட்டுடும், பித்தத்த ஒழுங்கு பண்ணும். சைடு எஃபெக்ட்டுனு ஒண்ணும் கெடையாது. இலதான சார்?"

வாங்கிவிட்டார். வாங்கி வந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்து, நான்கு நாள் அதைப் போகும்போதும் வரும்போதும் பார்த்தார். ஈரல் கெட்டுவிடும் என்ற பயம் ஒரு பக்கம். மாத்திரை என்ன செய்யுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். ஐந்தாம் நாள் காலையில் இரண்டு பயத்துக்கும் சேர்த்து ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வழிக்குப் பெயர் சந்திரலேகா, அவருடைய மனைவி.

"சந்திரா, சாப்ட்டா ஒனக்கு ஏப்பம் ஏப்பமா வருதுல்ல? ஒனக்குன்னுதான் வாங்கியாந்தேன். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு போடு."

சந்திரலேகா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பாட்டிலை வாங்கினாள். "எனக்கா?" என்றாள். திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கா மாமா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். அன்றைக்கே ஒன்று போட்டுக்கொண்டாள்.

கம்பெனியில் புது மீட்டர் வந்தால் நேராக பாய்லரில் மாட்ட மாட்டார்கள். ஆபத்தில்லாத ஒரு தண்ணீர் லைனில் மாட்டி, பத்துப் பதினைந்து நாள் பார்ப்பார்கள். சபாபதி செய்ததும் அதேதான். அவள் நல்ல திடகாத்திரம், ஒரு தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அப்புறம் நாம் ஆரம்பிப்போம். அவர் இதை இப்படிப் பச்சையாகத் தனக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் செய்தது இதுதான். சொல்லவே கூசுகிறது, இருந்தாலும் இதை மறைத்துவிட்டுச் சபாபதியைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும்.

தினமும் காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் சமையல்கட்டு வாசலில் நின்று கேட்பார்.

"ஒடம்பு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது மாமா."

"வயிறு?"

"லேசா இருக்குது. பசி எடுக்குது."

"தல சுத்தல் கித்தல்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நேரமாச்சி, நீ கெளம்பு."

பன்னிரண்டாம் நாள் அவள், சாப்பிட்ட பிறகு வலது பக்க விலா எலும்புக்குக் கீழே பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். "கேஸா இருக்கும்" என்றார். அவளும் கேஸ் என்றுதான் நினைத்தாள். "வுட்டுடாத, தொடர்ந்து போடு" என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, தான் ஆரம்பிக்கிற தேதியை மட்டும் மனதுக்குள் இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு வலிக்காக அவளுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். "கல்லு இருக்குதும்மா, தொந்தரவு பண்ணலன்னா வுட்டுடலாம். மறுபடி வலிச்சா வாங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நம்ம பக்கம் கல் என்றால் ஒரே கல்தானே, அது கிட்னியில் இருக்கிற கல். அவர்களும் ஒரு மாசம் வாழைத்தண்டு பொரியலும் பார்லித் தண்ணியுமாகச் சாப்பிட்டார்கள். வலி போயிற்று. கல்லும் கரைந்து போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். கல் எங்கே இருந்தது என்று அவர்கள் கேட்கவும் இல்லை, ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்க்கவும் இல்லை.

பதினாறாம் நாள் வியாழக்கிழமை. மறுநாள் சிதம்பரத்தில் சந்திரலேகாவின் தம்பி செம்பியன் புதிதாகக் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறான். சபாபதிக்கு லீவு கிடைக்கவில்லை. சந்திரலேகா மட்டும், பாட்டிலில் இருந்து கொஞ்சம் மாத்திரையை ஒரு சின்ன டப்பாவில் கொட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "மத்தியானம் விருந்து சாப்பாடு மாமா. நெய்யும் வடையும் பாயசமுமா சாப்ட்டுட்டேன். வாயு புடிச்சிக்கிட்டு முதுகு வரிக்கும் இழுக்குது. தம்பி ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துக்கிறான். ஊசி போட்டுக்கிறாங்க, நீ பயந்துக்காத."

"மாத்திரைய வுட்டுடலியே? அத மட்டும் வுட்டுடாத" என்றார் சபாபதி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கம்பெனியில் ஒரு மீட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது செம்பியன் கூப்பிட்டான்.

"மாமா, அக்காவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா மாறிப்போச்சி. காமாலங்கறாங்க. ரத்தத்துல ஏதோ ரொம்ப ஜாஸ்தியாம். குளிர் ஜுரம் வேற தூக்கி தூக்கி போடுது. நீ ஒடனே பொறப்டு வா."

சபாபதியின் கையில் இருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் கையிலிருந்து ஒரு சாமான் விழுந்து அந்த செக்ஷனில் யாரும் பார்த்ததில்லை.

சிப்காட் வாசலிலேயே சிதம்பரம் பஸ் நிற்கும். ஆனால் துணிமணி, இன்ஷூரன்ஸ் கார்டு, பழைய ரிப்போர்ட் ஃபைல் எல்லாம் எடுக்க செம்மண்டலத்துக்கு வீட்டுக்குப் போனார். பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்ததும் ஃபிரிட்ஜ் மேல் இருந்த பச்சை லேபிள்தான் கண்ணில் பட்டது. இருபது நாளுக்கு மேலாக அங்கேதான் இருந்தது. அன்றைக்குத்தான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, டிரம்மில் ஒட்டிய தாளைப் படிக்கிற மாதிரி, முதல் வரியிலிருந்து படித்தார்.

பின்பக்கம் கடைசியில், எறும்பு சைஸில் இருந்தது. பித்தநீர்க் குழாயில் அடைப்பு உள்ளவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. பித்தப்பையில் கல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. சாமந்தி வகைப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்க வேண்டும்.

ஃபைலை எடுத்துப் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரித்தார். அதிலும் இங்கிலீஷ். அதையும் முதல் முறையாக ஒழுங்காகப் படித்தார். கிட்னி இரண்டும் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. கல் இருந்தது பித்தப்பையில்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு நாள் அவர் பயந்ததெல்லாம் வராத இடியும், அறுந்து விழாத லிஃப்டும்தான். இது வந்துவிட்ட ஒன்று. அதுவும் அவர் கையாலேயே வாங்கிக் கொடுத்த ஒன்று. பாட்டிலைக் குப்பையில் போட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தூக்கிக்கொண்டு பின்கட்டு வரை போனார். பிறகு என்ன நினைத்தாரோ, பையில் துணிக்கு அடியில் செருகிக்கொண்டு கிளம்பினார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம். ஆலப்பாக்கம் தாண்டியது, புதுச்சத்திரம் தாண்டியது. யாராவது கேட்டால் என்ன சொல்வது, செம்பியன் கேட்டால் என்ன சொல்வது, ஓசூரில் வேலை பார்க்கும் மகள் சிந்துஜா வந்து கேட்டால் என்ன சொல்வது என்று மாற்றி மாற்றி யோசித்தார். சந்திரலேகாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற இடத்துக்கு வந்ததும் புத்தி நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். வெள்ளாற்றுப் பாலம் வந்தால் எப்போதும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார், பாலம் இடிந்துவிடுமோ என்று. அன்றைக்குப் பாலம் வந்ததும் போனதும் அவருக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில், ஜன்னலுக்குப் பக்கத்துக் கட்டிலில் சந்திரலேகா படுத்திருந்தாள். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தாள். வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள்.

"வந்துட்டியா மாமா. சாப்ட்டியா?" என்றாள்.

சபாபதி பையைக் காலடியில் வைத்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெண்மதி வந்தார். சின்ன வயசுதான், ஆனால் ஒவ்வொரு கேள்வியையும் நிறுத்தி நிதானமாகக் கேட்கிறவர். பித்தநீர்க் குழாயில் அடைப்பு மாதிரி தெரிகிறது, வயிற்றில் காற்று நிறைய இருப்பதால் முதல் ஸ்கேனில் தெளிவாகத் தெரியவில்லை, ரத்தத்தில் ஈரல் சம்பந்தப்பட்ட அளவுகளும் ஏறியிருக்கின்றன, அதனால் எல்லாக் காரணத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொன்னார். பிறகு சபாபதியைப் பார்த்துத் திரும்பினார்.

"இவங்ககிட்ட நேத்தே கேட்டேன், உங்களையும் கேக்கறேன். நாட்டு மருந்து ஏதாவது எடுத்தாங்களா? கீழாநெல்லி, கஷாயம், லேகியம், அந்த மாதிரி?"

"எங்க அக்கா அதெல்லாம் தொடவே தொடாது டாக்டர்" என்றான் செம்பியன்.

"இல்லீங்க டாக்டர்" என்றாள் சந்திரலேகா. அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு நாட்டு மருந்து என்றால் கடைத்தெருவில் பொட்டலம் கட்டிக் கொடுப்பது, அம்மியில் அரைப்பது, கசப்பாக இருப்பது. இங்கிலீஷ் எழுத்து போட்ட பாட்டிலில், இத்தாலியிலிருந்து வந்த காப்ஸ்யூல் எப்படி நாட்டு மருந்து ஆகும்? அது வெளிநாட்டு மருந்து அல்லவா?

டாக்டர் இன்னும் சபாபதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பை காலடியில் இருந்தது, அதற்குள் பாட்டில் இருந்தது. "இல்லைங்க" என்றார் சபாபதி. சொல்லும்போதே அவருக்குள் ஒரு குரல், நாட்டு மருந்தைத்தானே கேட்டார்கள், இது நாட்டு மருந்து இல்லையே என்று சமாதானம் சொல்லியது. அவளாவது தெரியாமல் சொன்னாள். இவர் அடி வரிவரைக்கும் படித்துவிட்டு வந்து சொன்னார். நான் பக்கத்தில் இருந்திருந்தால் பிடித்து நாலு உலுக்கு உலுக்கியிருப்பேன்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். செம்பியன் டீ வாங்கப் போனான். சபாபதி ஸ்டூலில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்திரலேகா தலையணைக்கு அடியில் கையை விட்டு எதையோ துழாவினாள். சின்ன டப்பாவை எடுத்தாள். மூடியைத் திருகி இரண்டு காப்ஸ்யூலை உள்ளங்கையில் கொட்டினாள்.

"இது மட்டும் வுடல மாமா. காமாலைன்னு சொன்னதும், லிவருக்குத்தான இதுன்னு காலைலேர்ந்து ரெண்டு ரெண்டா போடுறேன். நீ சொன்னியே, வுடாதன்னு. அந்தத் தண்ணி பாட்டில எடு."

சபாபதி பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் காப்ஸ்யூல் இரண்டும் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் உருண்டன. அவள் பயந்துபோய், "இன்னா மாமா? இன்னா ஆச்சி?" என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு வார்டு வாசலைப் பார்த்து ஓடினார். ஐந்தாறு கட்டிலில் இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

டாக்டர் வெண்மதி நர்ஸ் மேஜைக்கருகில் எழுதிக்கொண்டிருந்தார். சபாபதி பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். வேட்டி, துண்டு, ஃபைல், எல்லாவற்றுக்கும் மேலே பாட்டில் வந்து விழுந்தது.

"டாக்டரம்மா, நான் பொய் சொல்லிட்டேன். இது நாட்டு மருந்து இல்லீங்க, ஆனா இதத்தான் சாப்ட்டா. பதினெட்டு நாளா சாப்புடறா. இங்க படுத்துக்கினும் சாப்ட்டுக்கினு இருக்கா. அவளுக்குப் பித்தப்பையில கல்லு இருக்குது, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துக்கறாங்க, இதோ ரிப்போர்ட்டு. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். இல்ல, இன்னிக்குத்தான் படிச்சேன். அவள எப்படியாவது..."

டீ கிளாஸோடு வந்த செம்பியன் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். "இன்னாத்த மாமா குடுத்த எங்க அக்காவுக்கு? எங்க வந்து நின்னுக்கினு சொல்ற நீ?" என்று கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு, சபாபதியின் சட்டையைப் பிடிக்கப் போனான்.

"சண்டைய வெளியில வெச்சுக்கங்க" என்றார் டாக்டர், பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமலே. ரிப்போர்ட்டையும் படித்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, அந்த அம்மாவிடம் இருக்கும் டப்பாவை வாங்கி வரச் சொன்னார்.

"உக்காருங்க" என்றார் சபாபதியிடம். "இந்த இலை கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் கொறைக்கலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது. பெரிய அதிசயம் ஒண்ணும் இல்ல. ஆனா இது பித்தநீரை ஜாஸ்தி சுரக்க வைக்கும். பித்தப்பை நிறைய கல்லை வெச்சிக்கிட்டு இதச் சாப்பிடறது தப்பு. குழாய் அடைச்சிருக்கும்போது சாப்பிடறது அதவிடத் தப்பு."

"அப்போ என்னாலதான்..."

"கல்லு உங்க மாத்திரையால வந்தது இல்ல. அது முன்னாடியே இருந்தது, அது பாட்டுக்கு என்னிக்காவது நகந்திருக்கும். அந்த விருந்துச் சாப்பாட்டுல நகந்திருக்கலாம். இதுவும் ஒரு கை கொடுத்திருக்கலாம். இதனாலதான்னும் என்னால சொல்ல முடியாது, இதனால இல்லன்னும் சொல்ல முடியாது. நாளைக்குக் காலைல மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியா டியூப் விட்டு அந்தக் கல்லை எடுக்கப் போறோம். அதுக்கு முன்னாடி உள்ள என்ன போயிருக்குதுன்னு எங்களுக்குத் தெரியணும். இலையோ, பவுடரோ, பூஜையில கொடுத்த தண்ணியோ, எல்லாம் தெரியணும். இப்பவாவது சொன்னீங்க. போங்க, அவங்க பக்கத்துல உக்காருங்க."

இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த வார்த்தை சபாபதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உன்னால்தான் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பார்.

திரும்பி வந்தபோது சந்திரலேகா கண்ணை மூடாமல் அவருக்காகக் காத்திருந்தாள். டாக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இவளிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று இருந்தது. நாளைக்கு இவளை உள்ளே கொண்டுபோவார்கள். திரும்பி வரவில்லை என்றால்? அந்த நினைப்பே அவர் வாயைத் திறந்தது.

"சந்திரா, அந்த மாத்திரைய நான் ஒனக்குன்னு வாங்கல. எனக்குத்தான் வாங்கினேன். சாப்புட பயமா இருந்துச்சி. அதான்... மொதல்ல நீ சாப்ட்டா இன்னா ஆவுதுன்னு பாக்கலாம்னு... நான் ஒண்ணுகூடப் போடல. இன்னிக்கு வரிக்கும் ஒண்ணுகூடப் போடல."

அவள் அவரையே பார்த்தாள். மஞ்சள் கண்ணில் என்ன இருக்கிறது என்று அவரால் படிக்க முடியவில்லை. திட்டுவாள் என்று நினைத்தார். அழுவாள் என்று நினைத்தார். அவள் மெதுவாகத் திரும்பி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் செம்பியன் மனைவி கஞ்சித் தண்ணி கொண்டுவந்தபோதும், மறுநாள் காலை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோதும், ஒரு வார்த்தை பேசவில்லை. சம்மதக் கையெழுத்து கேட்டு நர்ஸ் தாளை நீட்டினார். சபாபதி எல்லாத் தாளையும் படிக்கிறவர்தானே, இதைப் படிக்க முடியாமல் எழுத்தெல்லாம் கலங்கிப் போயிற்று. கையெழுத்தும் அவருடைய கையெழுத்து மாதிரியே இல்லை.

கதவு மூடியது. ஒரு மணி நேரம் என்றார்கள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. செம்பியன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவர் பக்கமே திரும்பவில்லை. சபாபதி தில்லை நடராசரை வேண்டிக்கொள்ளப் பார்த்தார். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை, இவ்வளவு நாளும் தன்னைக் காப்பாற்று என்று மட்டுமே வேண்டிப் பழகியவர். "அவ என்கிட்ட பேசாம போயிடக் கூடாது" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே யாரோ ஒரு பெண் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

கல் வந்துவிட்டது. பட்டாணி அளவு. இரண்டு நாளில் ஜுரம் இறங்கியது, மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. பித்தப்பையை எடுக்க ஒரு மாசம் கழித்து வரச் சொன்னார்கள். மூன்றாம் நாள், டிஸ்சார்ஜுக்கு முன்னால், சபாபதி அவளுடைய துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். கோபக் குரல் இல்லை.

"மாத்திர போனா போவுது மாமா. கல்லுங்கூட எப்பயோ வந்ததுன்னு சொல்லிட்டாங்க. கல்யாணமாயி இருவத்தேழு வருஷத்துல தெனம் காலைல வந்து, ஒடம்பு எப்படி இருக்குதுன்னு நீ கேட்டது அந்தப் பதினாறு நாளுதான். பக்கத்து வூட்டு தைலம்மாள்கிட்டக்கூட சொல்லிச் சந்தோசப்பட்டேன். அது என்னையில்ல, மாத்திரைய கேட்டதா?"

சபாபதி மடித்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பித்தப்பையை எடுத்து இப்போது மூன்று மாசம் ஆகிறது. சந்திரலேகா நடமாடுகிறாள், சமைக்கிறாள், அவரோடு சாயங்காலம் நாற்பது நிமிஷம் நடக்கவும் வருகிறாள். ஸ்ரீதர் ஏதோ புதுப் பவுடரோடு ஒரு தரம் வந்தார். சபாபதி வாங்கி, லேபிளை முழுக்கப் படித்து, சத்தம் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஷிப்டுக்குக் கிளம்பும் முன் தினமும் சமையல்கட்டு வாசலில் நின்று கேட்கிறார், "ஒடம்பு எப்படி இருக்குது சந்திரா?" இப்போது அவர் கேட்பது நிஜமாகவே அவளைத்தான். அவள் கரண்டியைக் கீழே வைக்கிறாள். திரும்பி, அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கிறாள். அதற்குப் பிறகுதான், "நல்லா இருக்குது" என்கிறாள். இடிக்கும் லிஃப்டுக்கும் பயந்த சபாபதி இப்போதெல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் பயப்படுகிறார்.